என் கை சும்மா இருந்த காலை

ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற நம் பெயிண்டிங் வகுப்பை நாளை மறுநாளிலிருந்து நீங்கள் மூன்று பேரும் நடத்தப் போகிறீர்கள். சாவியைக் கொடுத்துவிட்டேன். எந்த அலமாரியில் எனாமல், எதில் தின்னர், எலி கடித்த பிரஷ் எது, எலி கடித்தாலும் நன்றாக எழுதுகிற பிரஷ் எது என்றெல்லாம் காட்டிவிட்டேன். கிளம்பும்போது, "வேற ஏதாவது சொல்லணுமா மாஸ்டர்?" என்று கேட்டீர்கள். யாரிடம் கேட்டீர்கள் பாருங்கள்! நான் பேச ஆரம்பித்தால் பொன்னேரி பஸ் போய்விடும், அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும் என்று பழவேற்காட்டில் எனக்குப் பெயர். அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம். என்னை அப்படி மடிக்க முடியாது.

பிரைமர் எத்தனை தடவை அடிப்பது, எத்தனை மணி நேரம் காயவிடுவது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது டப்பாவிலேயே இருக்கிறது. டப்பாவில் இல்லாததைத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரிவதற்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. தெரிந்த பிறகு, இவ்வளவுதானா என்று இருந்தது.

முதலில் என் மானம் போன கதை.

போட்டுக்கு, அதாவது மீன்பிடிப் படகுக்கு, பெயர் எழுத ஆரம்பித்த புதிது. ஒரு ஃபைபர் போட்டு மணலில் நின்றுகொண்டிருந்தது. நூல் பிடித்தேன், சாக்பீஸ் தேய்த்தேன், நூலைச் சுண்டிக் கோடு போட்டேன். கோட்டுக்கு மேல் பெயர், கீழே நீலப் பட்டை. ஒரு மயிரிழை பிசகவில்லை. தள்ளி நின்று நானே ரசித்தேன். மறுநாள் பின்பக்கம் எஞ்சின் மாட்டி, வலையை ஏற்றி, ஐஸ் பெட்டியை வைத்து, நாலு ஆள் ஏறித் தண்ணீரில் இறக்கினார்கள். பின்பக்கம் அமுங்கியது, முன்பக்கம் தூக்கியது. என் நேர்க்கோடு வானத்தைப் பார்த்துக் கிளம்பியது. பெயரின் கடைசி எழுத்து தண்ணீருக்குள் முகம் கழுவிக்கொண்டிருந்தது.

போட்டுக்காரர் கரையைப் பார்த்துக் கத்தினார்: "இன்னாபா பெயிண்டரு! என் போட்டு மீன் புடிக்கப் போவுதா, ஏரோப்ளேன் புடிக்கப் போவுதா?"

கரையே சிரித்தது. நான் மட்டும் என் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது சரியான கோடுதான். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அங்கே ஃபைபர் ஓட்டை அடைக்கிற ஆள் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயதுகூட மூத்தவரில்லை. அவர்தான் பக்கத்தில் வந்து பீடியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "நீ கரையில நிக்கிற போட்டப் பாத்து எழுதிகீற. தண்ணியில ஒக்கார்ற போட்ட ஒரு நாளாவது ஏறிப் பாத்துகீறியா? போட்டுன்னா அது ஒரு ஆளு மாதிரிபா. நிக்கறச்சொல ஒண்ணு, சொமக்கறச்சொல ஒண்ணு."

அன்றைக்கே என்னை ஒரு போட்டில் ஏற்றிவிட்டார். உட்காரவிடவில்லை, நிற்கச் சொன்னார். இரண்டு தடவை விழுந்தேன். மூன்றாவது தடவை கால் தானாகவே அகன்று நின்றது. இந்தப் போட்டு இடப்பக்கம் சாய்கிற போட்டு என்பதை முட்டி சொல்லியது. அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தப் போட்டிலும், எழுதுவதற்கு முன் ஒரு நடை ஏறிப் போகாமல் பிரஷ்ஷைத் தொட்டதில்லை. "மாஸ்டருக்கு ஓசியில போட்டுல சுத்தணும்" என்பார்கள். சொல்லட்டும்.

இதற்குப் பெயர் தத்துவம் என்று அப்போது எனக்குத் தெரியாது. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். பொட்டலம் கட்டி வருகிற காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் போடுவேன், அவ்வளவுதான் என் படிப்பு.

ஒரு மார்கழியில் பூநாரை பார்க்க ஒரு கல்லூரி டீச்சரம்மா வந்திருந்தார். படகு வருவதற்கு நேரமாகும் என்று நான் எழுதிக்கொண்டிருந்த போட்டின் நிழலில் வந்து உட்கார்ந்தார். தத்துவம் சொல்லிக் கொடுக்கிறவராம். "எழுதும்போது மனசு சொல்லுதா, கை எழுதுதா?" என்று கேட்டார். மனசுதான் சொல்லுது, கை கேட்குது என்றேன். அவர் சிரித்துவிட்டு, ரொம்பக் காலமாகப் பெரிய படிப்புப் படித்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், உடம்பு வண்டி, மனசு வண்டிக்காரன் என்று; பிறகு வந்த சிலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை என்றார். உடம்பு என்பது நாம் வைத்திருக்கிற ஒரு சாமான் இல்லை, உடம்பாகத்தான் நாம் இருக்கிறோம், உலகம் நமக்குத் தெரிவதே உடம்பு வழியாகத்தான் என்று சொன்னார்களாம்.

எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதிக்கு நம் ஏரியிலிருந்து ஒரு பதில் சொன்னேன். இங்கே ஆழமில்லாத இடத்தில் கழி ஊன்றிப் படகு தள்ளுகிறவர் கீழே குனிந்து பார்ப்பதில்லை. கழியை ஊன்றியதும் "சேறு" என்பார், "மணலு" என்பார், "கிளிஞ்ச" என்பார். கழியின் நுனிக்கு ஏது நரம்பு? ஆனாலும் அவருக்கு அங்கேதான் தெரிகிறது. உள்ளங்கையில் தெரிவதில்லை. பிரஷ்ஷும் அப்படித்தான் டீச்சரம்மா, நல்ல பெயிண்டருக்கு விரல் முடிகிற இடம் விரலில் இல்லை, மயிர் நுனியில் இருக்கிறது என்றேன். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார். என் பேச்சை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் போட்டுக்காரர் பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். அது வேறு கதை.

பெருமையாகப் பேசினேனே தவிர, பேசியதை நானே வகுப்பில் கடைப்பிடிக்கவில்லை. அதனால் ஒரு ஆளை இழந்தேன்.

வகுப்பு ஆரம்பித்த முதல் வருஷம். காட்டுப்பள்ளிப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்ட ஒருவர் சேர்ந்தார். நாற்பது வயசிருக்கும். பேச்சே இல்லை, வேலைதான். மூன்று வாரமாக 'அ' எழுதிக்கொண்டிருந்தார். 'அ'வின் வயிறு அவருக்கு வரவேயில்லை. ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இங்க குடுப்பா" என்று பிரஷ்ஷை வாங்கி, ஒரே இழுப்பில் வளைத்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். "சூப்பரா கீது மாஸ்டர்" என்று சிரித்தார். மறுநாள் வரவில்லை. அப்புறம் வரவேயில்லை. ரொம்ப நாள் கழித்துப் பொன்னேரி மார்க்கெட்டில் பார்த்தபோது, ஏன்பா வராமல் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னார்: "அன்னைக்கு அந்த எழுத்து முடிஞ்சி போச்சே மாஸ்டர். நீங்க முடிச்சிட்டீங்க."

இதைக் கொஞ்ச நேரம் நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று வாரமும் அவருடைய தோள் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது. கிடைக்கிற நேரத்தில் நான் நடுவில் புகுந்து என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். என் 'அ' என் உடம்பில் இருக்கிறது. அதை எடுத்து இன்னொருவர் உடம்பில் மாட்ட முடியாது. சட்டையா அது?

இவ்வளவும் முன்கதை. நான் சொல்ல வந்தது கன்னியம்மாவைப் பற்றி.

கன்னியம்மா பசியாவரத்துக்காரி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கையால் இறால் பிடிக்கிறவள். உங்களில் ஒருவர் உள்நாட்டு ஊர்க்காரர் என்பதால் சொல்கிறேன்: வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றில் கையால் துழாவி, இறாலைப் பிடித்து, கழுத்துக்குக் கீழே தொங்குகிற பறியில், அதாவது ஓலைக் கூடையில், போட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். அவர்களுக்குள் ஒரு சொல் உண்டு: "காலு பாக்கும், கை புடிக்கும், வாயி சொமக்கும்." இதில் கண்ணுக்கு வேலையே இல்லை, கவனித்தீர்களா?

அவளுக்கு முட்டி போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் தினமும் தண்ணீரில் நின்றால் இரண்டு வருஷத்தில் நடக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லை. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகள் வீட்டில் போய் உட்காரமாட்டேன் என்பதில் பிடிவாதம். வகுப்பில் சேர வந்த அன்றைக்கே என்னிடம் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசினாள்.

"ஆடி வரைக்கும் பாப்பேன்ணா. அதுக்குள்ள போட்டுக்குப் பேரு எழுதற மாதிரி கை வந்துட்டா கரையில நிப்பேன். வரலைனா பறியத் தூக்கினு தண்ணிக்குப் பூடுவேன். முட்டி போனாப் போவுது, சோறு வோணும் இல்ல?"

அப்போது தை மாசம்.

முதல் பாடமாக நான் சுவரில் மாட்டியிருந்த இறால் படத்தைப் பார்த்து வரையச் சொன்னேன். நானே வரைந்த படம். நல்ல சிவப்பு, வட்டமாகச் சுருண்ட வால், எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லணா. இது வெந்த எறாலு."

எனக்கு முகம் அந்த இறாலைவிடச் சிவந்துவிட்டது. உண்மைதானே! ஏரிக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவன், முப்பது வருஷமாகப் போட்டுகளில் இறால் வரைகிறவன், சட்டியில் கிடக்கிற இறாலைத்தான் வரைந்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற இறால் எங்கே சிவப்பு? அது தண்ணீர் நிறத்தில் அல்லவா இருக்கும். கண் எனக்கும் இருந்தது. ஆனால் என் உடம்புக்கு இறால் என்றால் சாப்பாட்டுத் தட்டு. பார்வையும் தட்டோடு நின்றுவிட்டது.

சிரித்தாளே தவிர, கன்னியம்மாவுக்கும் வரைய வரவில்லை. மேஜையில் உட்காரவைத்தேன். கட்டம் போட்டுக் கொடுத்தேன். மணிக்கட்டை ஊன்றிக்கொள், விரலை மட்டும் அசை என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கோடு நடுங்கியது. மாசியும் போயிற்று, பங்குனியும் போயிற்று. சேற்றுக்குள் இறாலின் மீசையைக்கூடத் தொட்டு அறிகிற விரல், பென்சிலைப் பிடித்தால் மரக்கட்டையாகிவிட்டது. சித்திரையில் ஒரு நாள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"என் கை படிக்காத கைணா. அத்த எதுக்கு பேஜார் பண்ணிகினு? நாளைக்கு நான் தண்ணிக்குப் போறேன்."

"சரி, நானும் வர்றேன்" என்றேன். தடுக்க வேறு வழி தெரியாமல்தான் சொன்னேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளோடு ஏரியில் இறங்கினேன். அரை மணி நேரம் துழாவினேன். எனக்குக் கிடைத்தது ஒரு கிளிஞ்சலும் ஒரு கெளுத்தி முள் குத்தும்தான். அதற்குள் அவள் பறி பாதி நிறைந்துவிட்டது. வாயில் கயிறு இருந்ததால் பேச முடியாமல் கண்ணாலேயே என்னைக் கிண்டல் செய்தாள். கடைசியில் கயிற்றை எடுத்துவிட்டுச் சொன்னாள்:

"விரலால தேடாதீங்கணா. தேடினா அது பின்னால துள்ளி ஓடிப்பூடும். சும்மா கைய வெச்சிகினு, தோள அசைங்க. விரலு புடிக்காது, தோளுதான் புடிக்கும்."

அப்போதுதான் அவளை ஒழுங்காகப் பார்த்தேன். பாரம் முழுக்க ஒரு காலில். இன்னொரு கால் சேற்றைத் தடவிக்கொண்டே முன்னால் போகிறது. இடுப்பு திரும்புகிறது, முதுகு வளைகிறது, அந்த அசைவு தோளில் இறங்கிக் கைக்கு வருகிறது. விரல் கடைசியில் மூடுகிறது, அவ்வளவுதான். மூச்சுகூட அந்தக் கணத்துக்காகக் காத்திருக்கிறது. இந்த உடம்பைத்தான் மூன்று மாசமாக நாற்காலியில் உட்காரவைத்து, மணிக்கட்டை மேஜையில் அறைந்து, விரலை மட்டும் வேலை வாங்கியிருக்கிறேன். மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு, கிளையைப் பார்த்து ஏன் பூக்கவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

நம் ஊரில் சொல்வார்களே, சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று. உடம்பைப் பார்த்துக்கொள், அப்போதுதான் மற்ற வேலை நடக்கும் என்பதற்கு அதைச் சொல்வோம். நல்ல சொல்தான். ஆனால் அன்றைக்குத் தண்ணீரில் நின்றபோது எனக்கு அதில் ஒரு குறை பட்டது. உடம்பு வெறும் சுவர் இல்லை. சித்திரம் எழுதுவதே அதுதான்.

வகுப்புக்குத் திரும்பியதும் மேஜையை ஓரமாகத் தள்ளினேன். ஒரு பெரிய பலகையைச் சாய்த்து வைத்து, அவளை நிற்கச் சொன்னேன். இடது கையைப் பலகைமேல் சும்மா வைத்துக்கொள், தண்ணீரில் வைப்பதுபோல என்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இறால் பிடி, ஆனால் கையில் பிரஷ் இருக்கட்டும் என்றேன்.

"இன்னாணா, மஜாவா கீது உங்க பாடம்" என்றாள். இருந்தாலும் செய்தாள். கால் அகன்றது. தோள் அசைந்தது. பலகையில் ஒரு வளைவு வந்தது. கண்ணைத் திறந்தவள் இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள். அது பின்னால் துள்ளுவதற்கு முன்னால் முதுகை இறுக்குகிற இறால். மீசை இல்லை, கால் இல்லை, ஒற்றைக் கோடு. ஆனால் தொட்டால் ஓடிவிடும்.

இதோடு எல்லாம் வந்துவிட்டது என்று எழுதினால் நான் பொய்யன். இறால் வந்தது, எழுத்து வரவில்லை. இறாலை அவள் உடம்பு முப்பத்தைந்து வருஷமாகப் படித்திருந்தது. 'ழ'வை நேற்றுத்தான் பார்த்தது. அதற்கும் அதே மாதிரி நாள் வேண்டும். தினமும் நின்றபடி, பெரிதாக, தோளிலிருந்து எழுதினாள். வைகாசி முழுக்க எழுதினாள். ஆனியில் ஒரு நாள், எழுத்தைப் பார்க்காமல் என்னோடு பேசிக்கொண்டே 'ரி' போட்டு முடித்தாள். முடித்தது அவளுக்கே தெரியவில்லை. கழியின் நுனியில் சேறு தெரிகிற மாதிரி, பிரஷ் நுனியில் பலகை தெரிய ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஆடி பிறந்து இரண்டாவது வாரம் ஏழுமலையின் புதுப் போட்டு வந்தது.

ஏழுமலை நல்லவன், அவசரக்காரன். நம் ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை போடலாம் என்பதற்கு முறை இருக்கிறதே, பாடு என்கிறோமே, அதில் அவனுடைய நாள் மறுநாள் விடியற்காலை. பாட்டை விட்டால் அடுத்த முறை வரும்வரை கரையில் உட்கார்ந்து அடுத்தவன் வலையை வேடிக்கை பார்க்க வேண்டும். பெயரில்லாத போட்டை முதல் பாட்டுக்கு இறக்கவும் மாட்டான். பெயிண்ட் காய ஒரு பகல் வேண்டும். ஆகவே காலையிலேயே எழுதி முடித்துவிட வேண்டும்; தப்பினால் சுரண்டி மறுபடி எழுத நேரமில்லை.

"மாஸ்டர், நீங்களே எழுதிடுங்க" என்றான்.

"கன்னியம்மா எழுதுவா" என்றேன்.

ஏழுமலை தலையைச் சொறிந்தான். "அக்கா எழுதறதுல எனக்கு ஒண்ணும் இல்ல மாஸ்டர். ஆனா கோணிகினு போச்சுனா ஊரே சிரிக்கும். அப்புறம் எவனும் அக்காகிட்ட போட்டு குடுக்கமாட்டான், பாத்துக்கோங்க."

உண்மையைத்தான் சொன்னான். கன்னியம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இருந்தது ஆடி மாசத்தின் மிச்சமும் இந்த ஒரு போட்டும்தான்.

போட்டு மணலில் நின்றது. அவள் சுற்றி வந்தாள், கையால் தட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏழுமல, எஞ்சின மாட்டு. வலையும் ஏத்து. தண்ணியில எறக்கு."

"எதுக்குக்கா? எழுதின அப்புறம்தான எறக்குவாங்க?"

"தண்ணியில நின்னுகினு எழுதப் போறேன்."

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. போட்டு எப்படி உட்காரும் என்று ஒரு நடை ஏறிப் பார்க்க நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மிதக்கிற போட்டில் எழுதச் சொல்லவில்லை. யாரும் செய்ததில்லை. ஆடுகிற பலகையில் யார் எழுதுவார்கள்?

"முட்டிம்மா" என்றேன்.

"ஒரு மணி நேரம்தாண்ணா. இன்னிக்கு ஒரு மணி நேரம் தண்ணியில நின்னா மீதி வருசமெல்லாம் கரையில நிப்பேன். மணல்ல நின்னா எனக்கு கை ஓடல. தண்ணி கீழ இருந்தா எல்லாம் தெரியுது."

நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாஸ்டர் என்ற பெயர் அதற்குத்தானே இருக்கிறது. ஆனால் பொன்னேரி மார்க்கெட்டில் அந்த ஆள் சொன்ன வார்த்தை காதில் கேட்டது. "எறக்குப்பா" என்றேன் ஏழுமலையிடம்.

எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஏறியது, நாலு ஆளும் ஏறி உட்கார்ந்தார்கள். போட்டு தொடையளவு தண்ணீரில், அது எப்படி வேலைக்குப் போகுமோ அப்படி உட்கார்ந்தது. காற்று இன்னும் எழவில்லை. கன்னியம்மா சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். நூல் கேட்கவில்லை. ஒரு கையில் சாக்பீஸை எடுத்தாள். முழங்கை நுனி தண்ணீரைத் தொடும்படி குனிந்து, கையை நேராக மேலே நிமிர்த்தி, போட்டின் பக்கவாட்டில் அப்படியே நடந்தாள். ஒரு முழ உயரத்தில், தண்ணீருக்கு இணையாக, கோடு அவள் பின்னாலேயே வந்தது. வெறுங்கை முழம் போடுமா என்று கேட்பார்களே, போட்டதை நான் பார்த்தேன்.

பிறகு பிரஷ். 'முத்துமாரி' என்று பெயர். இடது உள்ளங்கையைப் போட்டின்மேல் வைத்துக்கொண்டாள். போட்டு ஆடியது, அவளும் ஆடினாள். இரண்டும் ஒரே ஆட்டம் என்பதால் நடுவில் பிரஷ் அசையாமல் நின்றது. 'மு' வந்தது. 'த்' வந்தது. 'து' வந்தது. கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஜல்தியா முடிக்கா, காத்து வந்துடப் போவுது" என்று ஒருவர். "சும்மா இருய்யா, உன் வாயாலதான் காத்து வருது" என்று இன்னொருவர். 'மா' முடிந்தது. 'ரி'யைத் தொடங்கி, மேலே கொக்கியை வளைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பறவை பார்க்க வந்தவர்களை ஏற்றிய மோட்டார் போட்டு ஒன்று வேகமாகக் கடந்து போனது. அதன் அலை கிளம்பி எங்கள் பக்கம் வருவது கரையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. "அக்கா, அலை!" என்று ஏழுமலை அலறினான்.

நான் முட்டியளவு தண்ணீரில், அவளுக்கு இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். என் கை தானாக நீண்டது. உடம்பைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான் சொல்கிறேன், அது மனசைக் கேட்டு நீளவில்லை. முப்பது வருஷப் பழக்கம், பிரஷ்ஷைப் பிடுங்கி அந்தக் கொக்கியை அலை வருவதற்குள் முடித்துவிடும் அவசரம். எனக்கு முடிந்தும் இருக்கும். எழுத்து அழகாக வந்திருக்கும். ஊர் கை தட்டியிருக்கும். யாருக்கு?

நீட்டிய கையை இன்னொரு கையால் பிடித்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் தொழில் வாழ்க்கையிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

அலை வந்தது. போட்டு எழும்பியது. அவள் பிரஷ்ஷை எடுக்கவில்லை. அந்தப் போன முட்டிகளை மடக்கி, போட்டோடு எழுந்து, போட்டோடு இறங்கினாள். சேற்றில் கால் தேடிக்கொண்டது. கோடு நிற்கவில்லை, ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தடித்து, மறுபடி மெலிந்து, சுழித்து முடிந்தது. இரண்டாவது அலையும் போன பிறகுதான் மூச்சு விட்டாள். அப்புறம் முன்பக்கம் நடந்து போய், யாரையும் பார்க்காமல் ஒரே இழுப்பில் ஒரு இறால் போட்டாள். சிவப்பு இல்லை. தண்ணீர் நிறம்.

ஏழுமலை போட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். கோடு தண்ணீரோடு படுத்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் கடைசி எழுத்தைக் காட்டினான்: "இங்க மட்டும் கொஞ்சம் வீங்கினாப்பல கீதேக்கா?"

"அங்க அலை வந்துச்சு இல்ல" என்றாள் கன்னியம்மா. "அது அலை. கெடக்கட்டும்."

கெடந்தது. மறுநாள் பாட்டுக்கு முத்துமாரி பெயரோடு போனது. நிறைய இறாலும் பட்டது, ஆனால் அதை எழுத்தின் கணக்கில் எழுதமாட்டேன்; இறால் படிக்கத் தெரிந்த ஜந்து இல்லை.

அந்த ஆடி முடிவதற்குள் இரண்டு போட்டுக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள். அதில் ஒருவர் ரொம்பத் தயங்கித் தயங்கி, "அந்த ரியில ஒரு வீக்கம் கீதே, எங்க போட்டுலயும் அப்டியே போட்டுக் குடு கன்னிமா" என்றார்.

"அத்த நான் போடல நைனா. அலையத்தான் கேக்கணும்" என்றாள்.

இப்போது அவள் மணலில் நின்றே எழுதுகிறாள். தண்ணீர் எங்கே வரும் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நடை போட்டில் ஏறிப் பார்த்தால் போதும். முட்டி நல்லாயிற்றா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. கெடவும் இல்லை. ஏறும்போது திட்டிக்கொண்டே ஏறுகிறாள். பறி வீட்டில் ஆணியில் தொங்குகிறது. அதில் பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.

ஒரே ஒரு விஷயம் உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். வகுப்புச் சுவரில் என்னுடைய வெந்த இறால் இன்னும் மாட்டியிருக்கிறது. நன்றாக இல்லை என்று எடுத்துவிடாதீர்கள். முதல் நாள் வருகிறவர்களை அதன் முன்னால் நிற்கவையுங்கள். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், அவர் உடம்புக்கு உங்களுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். பிரஷ்ஷை அவரிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் வலிக்கும். பழகிவிடும்.